விலை குறைந்த 12 போர் தோட்டாவை நம்பலாமா? வெடிக்காத தோட்டாவை விட ஆபத்தானது எது?

கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராக சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். பூமியைத் தூக்கி வந்த வராக அவதாரத்துக்கான தலம் இது. மாசி மகத்தின்போது சுவாமி கிள்ளை வரை போய் கடலில் தீர்த்தவாரி முடித்துத் திரும்புவார். வழியில் இஸ்லாமியர்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வதும் காலங்காலமாக நடக்கிறது.

அதே ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் கரும்பு, மக்காச்சோளம், மணிலா போட்டவர்களிடம் பன்றியைப் பற்றிக் கேட்டால் வேறு கதை வரும். ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால் காலையில் அரை ஏக்கர் உழுதது போலக் கிடக்கும். டார்ச் அடிப்பது, தகரம் தட்டுவது, பழைய சேலையை வேலியாகக் கட்டுவது எல்லாம் செய்து பார்த்துவிட்டு, சிலர் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி வீட்டுல இருக்கு. தோட்டா வாங்கிப் போட்டா ஓடாதா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் சட்டம் ஒரு பக்கம், தோட்டா ஒரு பக்கம் என இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சட்டத்தைப் பற்றி ஊரில் ஓரளவு பேசுகிறார்கள். தோட்டாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் சுடுபவரின் விரலும் கண்ணும் போவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான்.

துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் பன்றியைச் சுடலாமா?

கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆவது பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்காக விவசாயிக்குத் துப்பாக்கி உரிமம் கொடுக்க இடம் தருகிறது. அதிலும் முதலில் சொல்வது குழாய் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். நம்ம ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வது அதுதான். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், தோட்டா போடும் துப்பாக்கிக்கும் அனுமதிக்கலாம். ஆனால் இந்த உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கு மட்டும். விலங்கைக் கொல்வதற்கான அனுமதி வேறு சட்டத்தில் இருக்கிறது.

காட்டுப்பன்றி, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அது 2ஆவது அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் சுட்டால் அது வேட்டை, வழக்கு நிச்சயம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நடைமுறைப்படி, காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர்தான். விவசாயி இல்லை.

கேரளாவில் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் கொடுக்கப்பட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுடுகிறார்கள். 'கேரளாவுல சுடுறாங்களே' என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைப் பார்த்து இங்கே யாராவது இறங்கினால், மாட்டுவது அவர்தான்.

அப்படியானால் தமிழ்நாட்டில் 12 போர் தோட்டாவை யார் வாங்குகிறார்கள்? உயிர், உடைமைப் பாதுகாப்புக்காக உரிமம் வைத்திருப்பவர்கள், வங்கிக் காவலாளிகள், எஸ்டேட்காரர்கள், துப்பாக்கி சுடும் வீரர்கள். சத்தம் காட்டி விரட்டத்தான் என்று சொல்லி வாங்கி வைக்கும் விவசாயிகளும் உண்டு. இவர்களில் விளையாட்டு வீரர்களைத் தவிர மற்ற எல்லோரும் வருடத்துக்கு நாலைந்து தோட்டா சுட்டாலே அதிகம். பிரச்சினை தொடங்குவதே அங்கேதான்.

12 போர் என்றால் என்ன?

12 மில்லிமீட்டர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுதான் அந்தக் குழாயின் உள்விட்டம். சுமார் 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் 16 போர், 20 போர் என்று எண் கூடக் கூடக் குழாய் சிறுத்துக்கொண்டே போகும்.

தோட்டாவை நீளவாக்கில் வெட்டினால் ஆறு பொருள் தெரியும். வெளிக்கூடு பிளாஸ்டிக், பழசு என்றால் அட்டை. அடியில் உலோகத் தொப்பி. தொப்பியின் நடுவில், ஊசி அடித்ததும் பொறி கக்கும் பிரைமர். அதற்கு மேல் மருந்து. மருந்துக்கும் ஈயக் குண்டுகளுக்கும் நடுவில் வாட் எனப்படும் தக்கை. இந்தத் தக்கை சும்மா இடைவெளியை அடைப்பதற்கு இல்லை. பின்னால் இருந்து தள்ளும் வாயு, குண்டுகளுக்கு நடுவே நழுவிப் போய்விடாமல் பிஸ்டன் மாதிரி தடுப்பது அதன் வேலை. மேல் வாயை நட்சத்திர மடிப்பாகவோ, ஒரு அட்டை வில்லை வைத்து உருட்டியோ மூடியிருப்பார்கள்.

ஊசி அடித்த நொடியில் இருந்து குண்டு வெளியே போகும் வரை ஆகும் நேரம் ஒரு வினாடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் குழாயின் அடிப்பகுதியில் அழுத்தம் எகிறிவிடும். சாதாரண 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரப்படி அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 740 பார். காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம். உங்கள் கன்னத்துக்கு அரை அடி முன்னால் இது நடக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்தியாவில் கிடைப்பது என்ன?

கடையில் பெரும்பாலும் பார்ப்பது 'சக்திமான் எக்ஸ்பிரஸ்'. புனே அருகே கட்கியில் 1869இல் பிரிட்டிஷார் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையின் தயாரிப்பு. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கட்கி தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. நீலகிரி அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலையும் அதே நிறுவனம்தான். 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி செய்யும் திருச்சி தொழிற்சாலை வேறொரு நிறுவனத்துக்குப் போனது.

வெளிநாட்டுத் தோட்டாவை சாதாரண உரிமதாரர் இறக்குமதி செய்ய முடியாது. தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்குத்தான் அந்தச் சலுகை. ஆக, ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் சிதம்பரம், கடலூர், புதுச்சேரி என்று எங்கே விசாரித்தாலும் தேர்வு செய்ய அதிகம் இருக்காது. 'மலிவான தோட்டாவா, விலை உயர்ந்த தோட்டாவா' என்று அமெரிக்காக்காரர்கள் யூடியூபில் பேசும் விவாதம் நமக்கு அப்படியே பொருந்தாது. நம்ம ஊரில் கேள்வி வேறு: இந்தப் பெட்டி எப்போது செய்தது, எங்கே கிடந்தது, கடைக்காரர் தள்ளுபடி விலையில் ஏன் தருகிறார்?

இதைத் தாண்டி 'மருந்து மாத்திப் போட்டது' என்று சுட்ட கூட்டிலேயே மறுபடி நிரப்பிய தோட்டாவும் சில இடங்களில் கைமாறுகிறது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் விற்பதும் ஆயுதச் சட்டப்படி கடும் குற்றம். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. சட்டத்தை விடுங்கள், அந்தத் தோட்டாவுக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது.

விலை குறையும்போது எதில் குறைகிறது?

தோட்டாவில் எடையும் விலையும் கூடிய பொருள் ஈயம். சுத்த ஈயம் மெத்தென்று இருக்கும். அதைக் கெட்டியாக்க ஆன்டிமனி என்ற உலோகத்தைச் சேர்ப்பார்கள். சிக்கனத் தோட்டாக்களில் ஆன்டிமனி குறையும். அப்போது என்ன ஆகும்? சுடும் வேகத்தில் குண்டுகள் ஒன்றோடு ஒன்று நசுங்கிச் சப்பையாகும். சப்பைக் குண்டு நேராகப் போகாது, சிதறும். நசுங்கிய ஈயம் குழாயின் உள்சுவரில் பூசிக்கொள்ளும்.

அடுத்தது தொப்பி. நல்ல தோட்டாக்களில் பித்தளை. மலிவுத் தோட்டாக்களில் பெரும்பாலும் பித்தளை முலாம் பூசிய இரும்பு. பார்க்க ஒரே மாதிரிதான் பளபளக்கும், ஒரு காந்தத்தை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பித்தளை அழுத்தத்தில் விரிந்து பிறகு சுருங்கிவிடும். இரும்பு அவ்வளவு நன்றாகச் சுருங்காது. சுட்ட பிறகு கூடு வெளியே வராமல் சிக்கிக்கொள்கிறது, பேனாக்கத்தி வைத்து நெம்ப வேண்டியிருக்கிறது என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, துருப்பிடித்த சேம்பர். தோட்டாவைத் திட்டும் முன் துப்பாக்கியையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

தொப்பி உயரமாக இருந்தால் பவர் அதிகம் என்பது இங்கே பரவலாக உள்ள நம்பிக்கை. அட்டைக் கூடு காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. பிளாஸ்டிக் கூடு 1960களில் பரவிய பிறகு தொப்பியின் உயரம் பெரும்பாலும் அழகுக்குத்தான்.

மூன்றாவது, வாயை மூடும் மடிப்பு. இதைப் பலர் கவனிப்பதில்லை. மருந்து முழுவதும் எரிய, தொடக்கத்தில் ஒரு எதிர்ப்பு வேண்டும். மடிப்பு தளர்ந்திருந்தால் மருந்து பற்றும் முன்பே குண்டு நகரத் தொடங்கிவிடும். அழுத்தம் ஏறாது. பாதி மருந்து எரியாமலே குழாய்க்குள் விழும். சுட்ட பிறகு குழாயைச் சாய்த்தால் மணல் போலக் கொட்டுகிறதே, அதுதான்.

'அழுக்கு' எத்தனை வகை?

'இந்தத் தோட்டா ரொம்ப அழுக்கு' என்று சொல்வார்கள். அழுக்கில் சாதி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

கரி: புகை குறைந்த நவீன மருந்து எரிந்து மிச்சமாகும் கறுப்பு. துணியும் கரைப்பானும் போதும். எரியாத மருந்துத் துகள்: துடைத்தாலே வந்துவிடும். பிளாஸ்டிக்: தக்கை உரசிச் சூட்டில் உருகிக் குழாயில் கோடு கோடாக ஒட்டியிருக்கும். வெறும் துணிக்கு மசியாது, பித்தளை அல்லது வெண்கலப் பிரஷ் வேண்டும். ஈயப் பூச்சு: குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சாம்பல் நிறத்தில் மேடு பள்ளமாகத் தெரியும். இதற்குக் கீழே ஈரம் தங்கினால் துரு உள்ளுக்குள்ளேயே அரிக்கும்.

நாட்டுத் துப்பாக்கியில் போடும் கரிமருந்து இன்னொரு ரகம். எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாகத் தங்கிவிடும், அதுவும் ஈரத்தை உறிஞ்சும் உப்பு. எண்ணெய் போட்டால் அது கரையாது, மேலே மூடி நிற்கும், அவ்வளவுதான். வெந்நீர்தான் கரைக்கும். மூன்று தலைமுறையாக நாட்டுத் துப்பாக்கி கையாண்ட நரிக்குறவர் சமூகப் பெரியவர்களிடம் கேட்டால் வேதியியல் பேரெல்லாம் இல்லாமலே இதைச் சொல்லுவார்கள். குழாயைத் துணியால் துடைத்து நிறுத்துபவர், தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்துப் பிறகு எண்ணெய் போடுபவர், இருவரில் யாருடைய துப்பாக்கி ஐந்து வருடம் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பழைய தோட்டாக்களில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரு காலத்துப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் உப்பாகப் படியும். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து, இரண்டே நாளில் துருவைக் கிளப்பும். தாத்தாவின் அலமாரியில் இருந்து எடுத்த தேதி தெரியாத தோட்டாவைச் சுட்டுவிட்டு 'அப்புறம் துடைச்சுக்கலாம்' என்று வைத்தால் குழாய் போச்சு.

ஒற்றைக் குழாய், இரட்டைக் குழாய் மடக்குத் துப்பாக்கிகள் அழுக்கை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி ஆட்டோ துப்பாக்கிகள் பொறுக்காது. வாயு போகும் சின்னத் துளை அடைத்தால் அடுத்த தோட்டா பாதியில் நிற்கும்.

ஐப்பசி மழையும் அட்டைத் தோட்டாவும்

கடலூர் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழை என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவர் வியர்க்கும், உப்பு டப்பா கசியும். அந்த ஈரம் தோட்டாவையும் விடாது. அட்டைக் கூடு ஊதிப் பருத்துவிடும். சேம்பரில் நுழையாது. பிளாஸ்டிக் கூட்டுக்கு அந்தக் கவலை இல்லை என்றாலும், மடிப்பு வாய் வழியாகவும் பிரைமரைச் சுற்றியும் ஈரம் புகலாம்.

இதற்கு ஊரில் செய்யும் வைத்தியம் வெயிலில் காயவைப்பது. அதைவிட மோசம், அடுப்படியில் வைப்பது. இரண்டும் வேண்டாம். சூட்டில் மருந்தின் தன்மையே கெட்டுப்போகும், ஒரு தடவை உள்ளே போன ஈரத்தின் பாதிப்பும் சரியாகாது. தோல் பெல்ட்டில் சொருகி மாதக்கணக்கில் தொங்கவிடுவதும் தவறு. தோல் பதனிடும் ரசாயனம் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று தோட்டாவுக்கே எண்ணெய் தடவுபவர்களும் இருக்கிறார்கள். ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் போனால் அது செத்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம், வெளியே வாங்கிய தேதி எழுதிய ஒரு சீட்டு. பழையது முதலில். டப்பா பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும், துப்பாக்கியோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

'டொப்' என்று ஒரு சத்தம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம்பகமில்லாத தோட்டா மூன்று விதமாக ஏமாற்றும். மூன்றில் பார்க்கப் பயமாக இருப்பது ஆபத்து குறைந்தது, பார்க்கச் சாதாரணமாக இருப்பதுதான் ஆளைக் கொல்லும்.

ஒன்று, வெடிக்கவே இல்லை. 'டிக்' என்ற சத்தம் மட்டும். பிரைமர் செத்திருக்கலாம், துப்பாக்கி ஊசியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சுட்ட தோட்டாவின் பிரைமரில் விழுந்திருக்கும் குழியைப் பாருங்கள். குழி ஆழமாக இருந்தால் தவறு தோட்டாவில். லேசாகக் கீறியிருந்தால் துப்பாக்கியில். கைதேர்ந்த ஆர்மரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இரண்டு, தாமதமாக வெடிப்பது. ஈரமான பிரைமர் உடனே பற்றாமல், ஒரு கணம் கழித்துப் பற்றும். 'டிக்' கேட்டதும் 'என்னாச்சு' என்று குழாயைத் திறந்தால், திறந்த நிலையில் முகத்துக்கு நேரே வெடிக்கும். அதனால் சுடும் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது இதுதான்: வெடிக்கவில்லையா, குழாயை ஆபத்தில்லாத திசையிலேயே பிடித்துக்கொண்டு குறைந்தது 30 வினாடி அசையாமல் நில். அதற்குப் பிறகு திற. 30 வினாடி என்பது சொல்லும்போது சின்னது. இருட்டில், சலசலப்புக்கு நடுவில் நின்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் எவ்வளவு நீளம் என்று.

மூன்றாவதுதான் எமன். பிரைமர் வெடிக்கும், மருந்து சரியாகப் பற்றாது. 'டமார்' என்பதற்குப் பதிலாக 'டொப்' என்று ஈனமான சத்தம். தோளில் உதை இல்லை. குண்டுகள் குழாய் வாயில் இருந்து பொலபொலவென்று கொட்டும், சில நேரம் தக்கை மட்டும் குழாய்க்குள் பாதி வழியில் நின்றுவிடும். சுட்டவர் 'ச்சே, மட்டமான தோட்டா' என்று சொல்லிக் கூட்டை உருவி எறிந்துவிட்டு அடுத்ததைப் போடுவார். இரண்டாவது தோட்டா நல்ல தோட்டா. அதுதான் கொடுமை. அது முழு பலத்தோடு வெடிக்கும், முன்னால் அடைப்பு. வாயுவுக்குப் போக இடம் இல்லாமல் குழாய் பலூன் மாதிரி உப்பி, கிழியும். கிழிவது பெரும்பாலும் முன்கையைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடத்தருகே. இடது கை விரல்கள் போவது இப்படித்தான்.

ஆகவே சத்தம் மாறினால் நிறுத்துங்கள். தோட்டாவை எடுத்து, இரு குழாய்களிலும் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்து, பின்பக்கம் இருந்து குழாய் வழியாக ஆகாயத்தைப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். ராத்திரி என்றால் டார்ச்.

இதே விபத்து இன்னொரு வழியிலும் நடக்கும். 20 போர் தோட்டா 12 போர் குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு போய் உள்ளே நின்றுவிடும். வெளியில் இருந்து பார்த்தால் சேம்பர் காலி. மேலே ஒரு 12 போர் தோட்டாவும் தாராளமாக நுழையும். அதைச் சுட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பல நாடுகளில் 20 போர் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இரண்டு அளவுத் துப்பாக்கியும் இருக்கும் வீட்டில் தோட்டாக்களை ஒரே சட்டைப் பையில் போடக் கூடாது.

நீளமும் கவனிக்கணும். சுதந்திரத்துக்கு முந்தைய பல ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் சேம்பர் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். மடிப்போடு இருக்கும்போது 70 மில்லிமீட்டர் தோட்டா சின்ன சேம்பரிலும் நுழைந்துவிடும், ஏமாற வேண்டாம். சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். குழாயின் அடியில் பொறித்திருக்கும் அளவைப் படிக்கத் தெரியாவிட்டால் உரிமம் பெற்ற ஆர்மரரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

பெட்டியை வாங்கும் முன்

பெட்டியில் தயாரிப்பு லாட் எண்ணும் ஆண்டும் இருக்கும். அதைக் கேட்டுப் பாருங்கள். உதிரியாகத் தரும் தோட்டாவுக்கு அது தெரியாது, தவிர்ப்பது நல்லது. மடிப்பு தட்டையாக, நடுவில் ஓட்டை இல்லாமல் இருக்கிறதா? பிரைமர் தொப்பியின் மட்டத்துக்குச் சமமாக இருக்கிறதா? துருத்திக்கொண்டிருந்தால் மடக்கும்போதே அடிபடலாம். உள்ளே குழிந்திருந்தால் ஊசி எட்டாது. தொப்பியில் வெள்ளைப் பூப்போ பச்சைக் களிம்போ இருந்தால் வேண்டாம்.

ரசீதில் உள்ள எண்ணிக்கையும் உரிமப் புத்தகத்தில் பதிவாகும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

'நாலு போட்டுப் பார்த்துட்டா தெரிஞ்சிடும்' என்று வயல் வரப்பில் சோதிக்கலாமா? அதற்கென்று அனுமதி பெற்ற சுடுதளம் இருக்கிறது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 திருத்தம் தனியாகவே 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்கின்றன. அதற்கு முன் உரிமம் வாங்கிய பழையவர்கள் பலர் இந்தப் பயிற்சிக்குப் போனதே கிடையாது, போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

விளையாட்டு வீரர்கள் ஏன் இவ்வளவு பார்க்கிறார்கள்?

புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டார். அந்தப் போட்டியின் தகுதிச் சுற்றில் 125 களிமண் தட்டுகள். தோட்டாவில் 24 கிராம் குண்டுதான் அனுமதி. ஒரு தட்டு தவறினாலே இறுதிச்சுற்று கைநழுவலாம் என்பதால், எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் போக வேண்டும். அவர்கள் விலை கொடுப்பது பலத்துக்கு இல்லை, ஒரே மாதிரித்தன்மைக்கு. நாளைக்கு நூற்றுக்கணக்கில் பயிற்சி எடுப்பவருக்கு மோசமான பெட்டி முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை சுடும் உரிமதாரருக்கு அது தெரிய வருவது, தேவைப்படும் அந்த ஒரே தடவையில்.

ஈயம் எங்கே போகிறது?

சுட்ட ஈயம் மண்ணிலும் தண்ணீரிலும் அப்படியே கிடக்கும். வாத்துகள் செரிமானத்துக்காகக் கூழாங்கல் பொறுக்கும்போது அதையும் விழுங்கிச் சாகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களிலும் அதை ஒட்டியும் ஈயக் குண்டு சுடுவதைத் தடை செய்துவிட்டது. ஸ்ரீமுஷ்ணம் சுவாமி தீர்த்தவாரிக்குப் போகும் கிள்ளைக்குப் பக்கத்திலேயே, 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிச்சாவரம் இருக்கிறது. ஈயத்துக்குப் பதில் இரும்புக் குண்டு என்று யோசிக்கலாம், ஆனால் பழைய துப்பாக்கியின் மெல்லிய குழாய்க்கு இரும்பு ஒத்துவராது.

வீட்டுக்குள்ளும் ஈயம் வரும். துப்பாக்கி துடைத்த துணியைக் குழந்தைகள் கையில் படும் இடத்தில் போடக் கூடாது. துடைத்த கையோடு சாப்பிட உட்காரவும் கூடாது.

பன்றி வந்தால் என்ன செய்வது?

சேதத்தைப் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குவதுதான் வழி. இழப்பீட்டுக்கும், பன்றியைச் சுட வனத்துறை முடிவெடுப்பதற்கும் அந்தக் காகிதம்தான் ஆதாரம். இது மெதுவாக நடக்கிறது என்ற விவசாயிகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தில் வைக்கப்படும் அவுட்டுக்காயும் சட்டவிரோத மின்வேலியும் பன்றியோடு மாட்டையும் மனிதரையும் பலி வாங்குகின்றன. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரருக்கு வேலி எங்கே போட்டிருக்கிறது என்று தெரியாது.

கடைசியாக ஒன்று, தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று மாதம் மூலையில் சாய்ந்து கிடந்து திரும்பி வரும். குளவிக்குப் பென்சில் பருமன் ஓட்டை கிடைத்தாலே மண் கூடு கட்டிவிடும், 18 மில்லிமீட்டர் குழாய் அதற்கு மாளிகை. துப்பாக்கியை வாங்கி வந்ததும் தோட்டா டப்பாவைத் திறப்பதற்கு முன், குழாயை மடக்கிப் பிடித்து வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.